எங்கே போடப் போறீங்க?

திருவான்மியூரில் நாங்கள் குடிபோன வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். சாயங்காலக் காற்றுக்காகவே பார்த்துப் பிடித்த வீடு. அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. கிரில்லுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக் காப்பாற்றலாம், கேட்டுக்கு வருடத்துக்கு ஒரு கோட் பெயின்ட் கொடுக்கலாம். ஸ்க்ரூவுக்கு யாரும் எதுவும் செய்வதில்லை. ஜன்னல் கொக்கி, பாத்ரூம் தாழ்ப்பாள், துணிக்கொடியின் கப்பி, பால்கனி விளக்கு என்று எதைத் தொட்டாலும் பொருள் நன்றாக இருக்கும். அதைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூ மட்டும் பழுப்பேறிப் பொரிந்து நிற்கும். திருப்புளியை வைத்து அழுத்தினால் தலை உதிரும்.

வீட்டின் சின்னச் சின்ன வேலைகளை நானே செய்கிறவள் நான். அலமாரி மாட்டுவது, கதவின் கீல் மாற்றுவது, பழைய மேஜைக்குக் கால் வைப்பது, இப்படி ஏதாவது ஒன்று கையில் இருந்துகொண்டே இருக்கும். இதற்கெல்லாம் நல்ல மரம் கிடைக்கிறது. நல்ல டிரில் மெஷின் கிடைக்கிறது. பெயின்ட்டில் கேட்ட நிறம் கலந்து தருகிறார்கள். ஸ்க்ரூவுக்கும் போல்ட்டுக்கும்தான் அலைய வேண்டியிருக்கிறது. தெருமுனைக் கடையில் கேட்டால் ஒரு கைப்பிடி அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அது எதனால் ஆனது, எதற்குச் செய்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவரும் கேட்பதில்லை. போடப்போகிற இடம் தெரியாமல் நல்ல ஸ்க்ரூ, மட்டமான ஸ்க்ரூ என்று பேசுவதில் பொருளே இல்லை என்பது என் கட்சி. இதை எனக்கு ஊட்டியவர்கள் மூன்று பேர்.

முதல் ஆள் அப்பா. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தார். திருவொற்றியூரில் வீடு, அதுவும் கடலோரம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய டப்பாக்கள் வெளியே வரும். மற்றவர்கள் போல்ட்டை நீளம் பார்த்துப் பிரிப்பார்கள், அவர் மரையைப் பார்த்துப் பிரிப்பார். தொழிற்சாலையில் எல்லாம் மில்லிமீட்டர். வெளியே பட்டறைகளில் நூல் கணக்கு. எட்டு நூல் ஓர் இன்ச், கால் இன்ச் போல்ட் என்றால் ரெண்டு நூல். நாட்டுக்கு மெட்ரிக் அளவு என்று 1956-இல் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டு டப்பாவில் இரண்டு கணக்கும் கலந்தே கிடந்தன.

அதில் மோசமான ஜோடி ரெண்டரை நூல் போல்ட்டும் எட்டு எம்.எம். போல்ட்டும். ரெண்டரை நூல் என்றால் 7.94 மில்லிமீட்டர். மற்றது 8. கண்ணால் யாராலும் பிரிக்க முடியாது. மரைதான் வேறு. ரெண்டரை நூலுக்கு இன்ச்சுக்குப் பதினெட்டு மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.41 மில்லிமீட்டர் இடைவெளி. எட்டு எம்.எம். போல்ட்டில் அது 1.25. இதன் நட்டை அதில் போட்டால் ஒன்றிரண்டு சுற்று தாராளமாக ஏறும், அப்புறம் நிற்கும். ஸ்பானர் போட்டு இழுக்கிறவர் நன்றாக இறுகிவிட்டது என்று திருப்திப்படுவார். உள்ளே ஒரு மரை இன்னொரு மரையை அறுத்துக்கொண்டிருக்கும்.

அப்பா இரண்டு போல்ட்டையும் பக்கவாட்டில் சேர்த்து, மரையோடு மரை பொருத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். ஒரே மரையாக இருந்தால் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து நடுவில் வெளிச்சமே வராது. வேறு மரையாக இருந்தால் நாலைந்து பல் தள்ளிக் கோடு கோடாக வெளிச்சம் ஒழுகும். “பாரும்மா, இதுக்குக் கருவியே வேண்டாம்” என்பார். நட்டைப் பற்றி அவர் சொன்னது இன்றைக்கும் என் கைக்குள் இருக்கிறது. “நட்டு விரலாலேயே கடைசி வரைக்கும் ஓடணும். ஓடலைன்னா அது அந்த போல்ட்டோட நட்டு இல்ல. ஸ்பானர் கடைசி அரைச் சுத்துக்குத்தான்.”

மரைக்கு ஒரே அளவு வேண்டும் என்று லண்டனில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த பிறகுதான், ஒரு பட்டறையில் செய்த நட்டு இன்னொரு பட்டறையில் செய்த போல்ட்டில் ஏறும் என்று நம்ப முடிந்தது. அதுவரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. அவர் வைத்த மரையின் கோணம் 55 டிகிரி, இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. ரயில்வேக்காரர்களும் பழைய பட்டறைகளும் நம் ஊருக்குக் கொண்டுவந்தது விட்வொர்த் மரைதான். அப்பாவின் டப்பாவில் நூல் கணக்கில் கிடந்தவை அதன் மிச்சம்.

இரண்டாவது ஆள் ஒரு ஆசாரி. எங்கள் வீட்டு நிலை, கதவெல்லாம் அவர் கைவேலை. அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஜி.கே.டபிள்யூ. ஸ்க்ரூ இல்லையென்றால் கீல் பூட்டமாட்டார். “கிடைச்சா வாங்கிட்டு வாங்க சார். கிடைக்கலைன்னா நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொள்வார். ஒரு குரோஸ், அதாவது 144 ஸ்க்ரூ அடங்கிய சின்ன அட்டைப் பெட்டி. “ஒண்ணரைக்கு எட்டு” என்றால் ஒன்றரை இன்ச் நீளம், எட்டாம் நம்பர் கனம். தலையில் ஒற்றைக் கீறல்.

அந்தக் காலத்தில் நிறைய தச்சர்கள் ஸ்க்ரூவைச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் திருப்புளி பிடிப்பார்கள். இன்றும் நடக்கிறது. அடித்த ஸ்க்ரூ மரத்தின் நாரைக் கிழித்துக்கொண்டு போகிறது. மரைக்கு இடையில் மரம் போய் உட்கார்ந்தால்தான் பிடிப்பு. நார் கிழிந்த பிறகு அங்கே இருப்பது ஓர் ஓட்டை மட்டும். கதவு தொங்கி, தரையை உரசும்போது வீட்டுக்காரர் மழையையும் மரத்தையும் குறை சொல்வார்.

எங்கள் ஆசாரி ஒரு ஸ்க்ரூவுக்கு இரண்டு துளை போடுவார். மேலே, மரை இல்லாத கழுத்துப் பகுதிக்கு அகலமாக ஒன்று. அதற்குள்ளிருந்து கீழே மரைக்கு ஒல்லியாக ஒன்று. அதன் பிறகு பார் சோப்பில் ஸ்க்ரூவை ஒரு தடவை குத்தி எடுப்பார். சோப்பு ஏறிய ஸ்க்ரூ முனகாமல் உள்ளே போகும். கடைசிச் சுற்றில் அவர் மணிக்கட்டு மெதுவாகிவிடும். தலை மரத்தோடு சமமாக அமர்ந்ததும் கையை எடுத்துவிடுவார். அதற்கு மேல் கால் சுற்று கொடுக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அந்தக் கால் சுற்றில்தான் மரத்துக்குள் மரை கெட்டுப்போகும்.

அந்த ஜி.கே.டபிள்யூ. பெட்டியோடு ஒட்டிய நெட்டில்ஃபோல்ட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பல வருடம் கழித்துத்தான் படித்தேன். ஆரம்ப கால மர ஸ்க்ரூக்களுக்கு நுனியில் கூர்மையே கிடையாது, மொட்டையாக இருக்கும். கூர்நுனி ஸ்க்ரூவை இயந்திரத்தில் செய்யும் அமெரிக்கக் காப்புரிமையை பர்மிங்காம் பக்கத்து நெட்டில்ஃபோல்ட் குடும்பம் 1854-இல் வாங்கியது. அதற்குப் பணம் போட்டுக் கூட்டுச் சேர்ந்தவர் உறவினரான சேம்பர்லின். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லினுக்கு அவர் தாத்தா. ஒரு குடும்பம் அரசியலுக்குப் போகும் அளவுக்கு ஸ்க்ரூவின் நுனியில் பணம் இருந்திருக்கிறது.

ஆசாரி கேட்ட அந்த ஸ்க்ரூவில் கழுத்தும் மரையும் ஒரே கனம், மரையைக் கடைசலில் வெட்டி எடுத்திருப்பார்கள். இப்போது வருபவற்றில் கம்பியை உருட்டி அழுத்தி மரை எழுப்புகிறார்கள், அதனால் கழுத்து மரையைவிட ஒல்லியாக இருக்கும். ஒல்லியாக இருப்பதைப் பார்த்து இந்தக் காலத்துச் சரக்கு மட்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெட்டும்போது இரும்பின் இழை அறுபடுகிறது, உருட்டும்போது இழை மரையோடு வளைந்து போகிறது. உருட்டிய மரைக்குத்தான் வலு அதிகம். எந்த இரும்பு, என்ன முலாம், தலை எப்படி என்பதில்தான் தரம் இருக்கிறது.

திருவான்மியூர் வீட்டில் சமையலறை அலமாரிகளைப் பூட்டியவர்கள் இன்டீரியர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தார். அழகான வேலை. ஒரு மழைக்காலம் தாண்டியதும் மேல் அலமாரியின் கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீலைப் பார்த்தால் இரண்டு ஸ்க்ரூவுக்குத் தலையே இல்லை. மீதி எல்லாம் கறுப்பு ஸ்க்ரூ. எக்காளத் தலை, மெல்லிய உடல், கூரான பெரிய மரை. ஜிப்சம் பலகையைத் தகட்டுச் சட்டத்தில் பூட்டுவதற்கென்று செய்தது அது. மெஷினில் வேகமாக ஏறுவதற்காக அதைக் கடினமாக்கியிருப்பார்கள். கடினமான இரும்பு வளையாது, முறியும். கதவு ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கீலின் ஸ்க்ரூவுக்குப் பக்கவாட்டில் இழுப்பு விழுகிறது. ஜிப்சம் கூரைக்கு அது அருமையான ஸ்க்ரூ, கீலுக்கு ஆகாது. கறுப்பு நிறம் பாஸ்பேட் பூச்சு, கடல் காற்றைத் தாங்க அது போதாது. விலை குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும், முன்துளை போடாமலே ஏறும் என்பதால் சென்னை முழுக்க வார்ட்ரோபும் கட்டிலும் இந்தக் கறுப்பு ஸ்க்ரூவில் நிற்கின்றன. ஒரு சுவர் அலமாரிக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் உள்ளே என்ன நிறம் என்று எனக்குப் பார்க்கத் தோன்றும்.

ஒன்றை எடுத்துக் குறட்டில் பிடித்து வளைத்துப் பார்த்தேன். டிக் என்று ஒடிந்தது. ஒடிந்த வாய் சாம்பல் நிறத்தில், சர்க்கரைப் பொடி தூவியது போல மினுங்கியது. சாதாரண மர ஸ்க்ரூவை அதே குறட்டில் வளைத்தால் முக்கால்வாசி மடங்கும் வரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

அன்றைக்குத்தான் பாரிஸ் கார்னருக்குக் கிளம்பினேன். பறக்கும் ரயிலில் கடற்கரை ஸ்டேஷன், அங்கிருந்து நடை. பிராட்வேயும் லிங்கிச் செட்டித் தெருவும் அதை ஒட்டிய சந்துகளும் எனக்குப் புத்தகக் கடைத் தெருவைவிடப் பிடித்த இடம். ஒரு கடையில் பேரிங் மட்டும், அடுத்ததில் ஸ்பிரிங் மட்டும், அதற்கடுத்ததில் கயிறும் சங்கிலியும். தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். இங்கே ஹார்டுவேர் வியாபாரத்தில் போரா முஸ்லிம்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். என் மூன்றாவது ஆசான் அவர்களில் ஒருவர். வயதானவர், வெள்ளைத் தொப்பி ஓரத்தில் பொன்னிற இழை. கடையின் அகலம் இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கும் அளவுதான். ஆனால் உள்ளே நீளமாகப் போகும், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறை, ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே என்ன இருக்கிறதோ அதில் ஒன்று பூட்டப்பட்டிருக்கும்.

நான் அளவைச் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

“எங்கே போடப் போறீங்கம்மா?”

“கிச்சன் அலமாரி கீல் பாய்.”

“மரமா, பிளைவுட்டா, அமுக்கின பலகையா?”

“பிளைவுட்.”

“வீடு எந்தப் பக்கம்?”

திருவான்மியூர் என்றதும்தான் எழுந்தார். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது ஒரு பொட்டலம் எஸ்.எஸ். சிப்போர்டு ஸ்க்ரூவும் ஒரு மணி நேரப் பாடமும்.

எஸ்.எஸ். என்ற இரண்டு எழுத்துக்குள் பல ஜாதி இருக்கிறது. 304 என்பதில் ஏறக்குறைய பதினெட்டு சதம் குரோமியமும் எட்டு சதம் நிக்கலும் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள், விலையும் குறையும். இரண்டும் கடையில் ஒரே பளபளப்பு. கடலை விட்டுத் தள்ளி, வீட்டுக்குள், 202 தாராளமாகப் போதும். கடலோரத்தில் அது துருப்பிடிக்கும். காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் ஒசத்தி என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதும் சரியில்லை. 202-ம் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. நல்ல 304 ஸ்க்ரூவையே தலையடித்து மரை உருட்டும்போது அழுத்தத்தில் லேசாகக் காந்தம் பிடிக்கும். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மருந்துக் குப்பியையும் சின்ன பேட்டரியையும் எடுத்தார். ஒரு சொட்டு விட்டு ஒயரை வைத்ததும் ஒரு ஸ்க்ரூவில் சொட்டு சிவந்தது, அது 202. இன்னொன்றில் சிவக்கவில்லை.

“உள்ளே அலமாரிக்கு இது போதும். பால்கனிக்குன்னா 304-ம் கொஞ்ச நாள்ல டீக்கறை அடிக்கும். அதுக்கு 316 வாங்குங்க” என்றார். 316-இல் இரண்டு சதம் அளவுக்கு மாலிப்டினம் சேர்கிறது, உப்பை எதிர்ப்பது அதுதான். விலை கேட்டதும் நான் யோசித்ததைப் பார்த்து, “நாலு ஸ்க்ரூதானேம்மா, வீடு முழுக்கவா மாத்தப்போறீங்க?” என்றார். இன்னொன்றும் சொன்னார். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை மெஷினில் வேகமாக ஏற்றக்கூடாது. சூட்டில் இரண்டு மரையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். துளி கிரீஸ் தடவிக் கையால் போட வேண்டும்.

கேட்டுக்கும் மொட்டைமாடி ஷெட்டுக்கும் எஸ்.எஸ். வேண்டாம் என்று அவரே தடுத்திருக்கிறார். அங்கே வேண்டியது ஜி.ஐ. அதிலும் பளபளவென்று இருப்பது மின்முலாம், துத்தநாகம் சில மைக்ரான் கனத்துக்குத்தான் இருக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். அதில் நாற்பது மைக்ரானுக்கு மேல் பூச்சு நிற்கும். கனமான பூச்சு மரையை அடைத்துக்கொள்வதால் அதற்கென்று கொஞ்சம் பெரிதாக மரை போட்ட நட்டுதான் ஏறும். போல்ட்டை ஒரு கடையிலும் நட்டை இன்னொரு கடையிலும் வாங்கிவிட்டு, ஏறவில்லை என்று பூச்சைச் சுரண்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அழகாக இருப்பதைத்தான் நம் கை முதலில் எடுக்கிறது, கடலோரத்தில் நிற்பது மங்கலானது.

பாட்டி வீட்டு ஊஞ்சல் பலகை எங்களுக்கு வந்தபோதுதான் அந்தக் கடையின் அருமை முழுதாகத் தெரிந்தது. இரண்டு இன்ச் கனத் தேக்கு. பழைய வளையங்கள் அரித்துப் பாதியாகியிருந்தன. எங்கள் வீட்டுக் கூடத்தில் கான்கிரீட் போடும்போதே கம்பியோடு கட்டி வைத்த நாலு கொக்கி இருந்தது, அதனால் மேலே கவலை இல்லை. அப்படி இல்லாத வீடுகளில் கூரையில் துளை போட்டு விரிகிற ஆங்கர் போல்ட்டில் ஊஞ்சலைத் தொங்கவிடுவது எனக்குப் பயம். ஆடி ஆடி இழுக்கிற இழுப்புக்கு அது தளரக்கூடியது, கீழே இருப்பது குழந்தைகள். பலகைக்குத்தான் நாலு கண் போல்ட் வேண்டும். என் தம்பி கூட வந்தான். அவன் கணக்கெல்லாம் போட்டு வைத்திருந்தான்.

“ஹை டென்சில் குடுங்க பாய். 8.8-க்குக் குறைஞ்சு வேண்டாம். புள்ளைங்க ஆடுறது.”

8.8 என்பதை அப்பாவிடமே கேட்டிருக்கிறோம். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுத்தால் அறும் என்று வரும், எட்டுக்கு எண்ணூறு. இரண்டாவது எண், அந்த வலுவில் பத்தில் எத்தனை பங்கு வரை இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது. சாதாரண இரும்பு போல்ட் 4.6. பாடியில் 1966-இல் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸின் போல்ட் தலையில் டி.வி.எஸ். என்ற எழுத்தையும் 8.8 என்ற எண்ணையும் எனக்குக் காட்டி, “தலையில பேர் போட்டவன் பதில் சொல்லணும்” என்பார் அப்பா. இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 1367-ம் தரத்தோடு தயாரித்தவர் முத்திரையும் இருக்க வேண்டும் என்கிறது. மொட்டைத் தலையோடு வந்து, ஹை டென்சில் என்று வாயால் மட்டும் சொல்லப்படுவதை நான் தொடுவதில்லை.

பாய் தம்பியை மறுக்கவில்லை. மூன்று கண் போல்ட்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். எல்லாமே பத்து எம்.எம். முதலாவது, கம்பியை வளைத்துக் கண்ணாக்கியது, நுனி சேருமிடத்தில் ஒரு தாள் நுழையும் இடைவெளி. இரண்டாவதில் அந்த இடத்தில் வெல்டு. மூன்றாவது, கண்ணும் தண்டும் ஒரே இரும்பாகச் சுத்தியல் அச்சில் அடித்தது.

“தம்பி, பத்து எம்.எம். சாதாரண இரும்பையே நேரா இழுத்து அறுக்கணும்னா ரெண்டு டன்னுக்கு மேல வேணும். உங்க ஊஞ்சல்ல எத்தனை பேர் உட்காருவீங்க? அது அறாது. இந்தக் கண்ணு விரியும்.” முதலாவதை எடுத்து இடைவெளியில் நகத்தை வைத்துக் காட்டினார். “விரிஞ்சா சங்கிலி கழண்டுக்கும். அப்புறம் ஆடும்போது நட்டு கழலும், அதை யாரும் பார்க்க மாட்டாங்க. பலகைக்கு அடியில இல்ல இருக்கு?”

அடித்துச் செய்த நாலு கண். பலகைக்கு அடியில் தேக்கு நசுங்காமலிருக்க அகல வாஷர். அதன் மேல் நட்டு. அதைப் பூட்ட நைலான் வளையம் வைத்த இன்னொரு நட்டு. இவ்வளவுதான் கொடுத்தார். கண்ணும் சங்கிலி வளையமும் உரசுகிற இடத்தில் இரும்பு தேயும் என்றும், வருடத்துக்கு ஒரு முறை சங்கிலியைத் தூக்கி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றிவிட வேண்டும். சரஸ்வதி பூஜைக்கு ஆயுதங்களையெல்லாம் துடைத்து வைக்கும் நாளில் நான் இதைச் செய்கிறேன். தம்பி வீட்டில் ஊஞ்சல் இல்லாவிட்டாலும் அன்றைக்குப் போன் பண்ணி, “நட்டு பாத்தியாக்கா?” என்று கேட்டுவிடுவான்.

இப்போது எல்லாம் பாக்கெட்டில் வருகிறது. கைப்பேசியில் அமுக்கினால் நாளைக்கு வாசலில். கலப்பு டப்பா என்று பல அளவுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தருகிறார்கள், பார்க்கக் கொள்ளை அழகு. அவற்றில் நல்லதும் உண்டு, நானும் வாங்குகிறேன். வந்ததும் ஒன்றை எடுத்துத் தலைப் பள்ளத்தைப் பார்ப்பேன். நட்சத்திரப் பள்ளம் ஆழமாக, ஓரம் கூராக இருந்தால் செய்தவருக்கு அக்கறை இருக்கிறது. ஆழமில்லாமல், முலாம் தேங்கி நிரம்பியிருந்தால் பிட் வழுக்கி, இரண்டாவது தடவையிலேயே தலை மழுங்கிவிடும். பிட்டும் அதற்கேற்ற நம்பராக இருக்க வேண்டும். பெரிய பள்ளத்தில் சின்ன பிட்டை விட்டுச் சுழற்றினால் நல்ல ஸ்க்ரூவும் பாழ். அடுத்தது, வெள்ளைத்தாளில் உருட்டிப் பார்ப்பேன், உடல் கோணலாக இருந்தால் நுனி வட்டம் போடும். கடைசியாக ஒன்றைக் குறட்டில் வளைத்து ஒடிப்பேன். ஒரு ஸ்க்ரூ போனால் போகிறது.

ஆனால் பாக்கெட் எதையும் கேட்காது. பிளைவுட்டா என்று கேட்காது, வீடு கடலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்காது. லூதியானாவிலிருந்தும் ரோத்தக்கிலிருந்தும் வருகிற நல்ல சரக்குகூட இடம் மாறிப் போடப்பட்டால் கெட்ட பெயர் எடுக்கிறது. லிங்கிச் செட்டித் தெருவிலும் சில இழுப்பறைக் கடைகள் மூடி, கூரியர் அலுவலகங்கள் ஆகிவிட்டன. அதைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது. அந்த இழுப்பறைகளுக்குள் இருந்தவற்றை வேறெங்கும் வாங்கிவிடலாம், எது எதற்கு என்ற அறிவு அந்தக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் மட்டும்தான் இருந்தது.

பாயின் கடை இன்னும் இருக்கிறது. இப்போது மகன் உட்காருகிறார். அவரும் அதே கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்.

போன முறை நான் போனது பாட்டியின் நகைப் பெட்டிக்காக. கீலுக்குப் பித்தளை ஸ்க்ரூ, அரைக்கு நாலு, அதாவது அரை இன்ச் நீளம், நாலாம் நம்பர், ஒற்றைக் கீறல் தலை. தெருமுனைக் கடைகளில் பித்தளை என்று கொடுத்ததெல்லாம் காந்தத்தில் துள்ளி ஒட்டின. இரும்பின் மேல் பித்தளை முலாம். மகன் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நட்சத்திரத் தலை இருந்தது, முக்கால் இன்ச் இருந்தது, நான் கேட்டது இல்லை.

“நட்சத்திரத் தலை வேண்டாமா அக்கா? அளவு இதுதான்.”

“பழைய பெட்டி பாய். மத்த ஸ்க்ரூவெல்லாம் ஒத்தைக் கீறல்.”

“சரி, வேண்டாம்” என்று அவரே இழுப்பறையை மூடினார். ஒரு சீட்டில் அளவை எழுதிக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். “பழைய ஸ்டாக் வெச்சிருக்கிறவங்க ரெண்டு பேர் இருக்காங்க, கேட்டு வைக்கிறேன். வந்தா முதல்ல அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஏத்தி வழி பண்ணிட்டு, அதை எடுத்துட்டுப் பித்தளையைப் போடுங்க. பித்தளை மெதுவு, நேரா ஏத்தினா கழுத்துல முறிஞ்சுடும்.”

எத்தனை வேண்டும் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். அவர் சீட்டை மறுபடி வெளியே எடுத்து இருபத்துநாலு என்று திருத்தினார்.